லண்டன் – பாரிஸ்: வான்வழித் தொலைவும் பயண நேரமும், உங்கள் அனுபவங்கள்

தேம்ஸ்கரை:
இரு நகரங்களுக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறக்குறைய 344 கிலோமீட்டர் என்பது இங்கு எல்லோருக்கும் தெரிந்ததே. சென்ற குளிர்காலத்தில் பாரிஸின் சார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்குத் திரும்பியபோது, ஆங்கிலக் கால்வாயைக் கடந்ததும் இறங்கிவிடுவோம் என்றிருந்தேன். ஆனால் பிகின் ஹில் பகுதிக்கு மேல் விமானம் வட்டமிடத் தொடங்கியது. பிறை வடிவக் குளம் ஒன்று சன்னலில் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. தென்கிழக்கிலிருந்து வரும் விமானங்கள் நெரிசலின்போது அங்கே காத்திருப்பது வழக்கம்தான் என்றாலும், பாரிஸிலிருந்து பறந்து வந்த நேரத்தில் பாதியளவு அந்த ஒரே வானத்தில் சுற்றியே கழிந்தது இன்னும் உறுத்துகிறது.

கணக்கர்:
இதை அப்படியே ஏற்க இயலவில்லை. பறக்கும் நேரம் முக்கால் மணியை ஒட்டியதே ஆயினும், சீட்டில் ஒன்றேகால் மணி நேரம் என்று போடுவது, ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதையும் இத்தகைய காத்திருப்புகளையும் சேர்த்துத்தான்.

எனக்கு மறக்காதது வேறு. பக்கத்து இருக்கையில் இருந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், போகும் சீட்டில் 9.00 – 11.15 என்றும் திரும்பும் சீட்டில் 12.00 – 12.15 என்றும் இருந்ததைக் காட்டி, "தம்பி, வரேக்க காத்து அவ்வளவு தள்ளுமோ?" என்று கேட்டார். பாரிஸ் கடிகாரம் ஆண்டு முழுவதும் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னே ஓடுகிறது என்று விளக்கினேன். அவர் கைக்கடிகாரத்தின் முள்ளை மெல்லத் திருகிவிட்டு, "அப்ப இந்த ஒரு மணித்தியாலம் எங்க போனது?" என்றார். நான் பதிலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே சக்கரங்கள் தரையைத் தொட்டுவிட்டன.

லா சப்பல்:
நான் விமானத்தில் வந்து கடவுச்சீட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்த நேரத்தில், ரயிலில் கிளம்பிய நண்பர் பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையத்தில் காப்பி அருந்தும் படத்தை அனுப்பினார். அவ்வளவுதான் என் கதை.

ஆகவே அனைவருக்கும் ஒன்று சொல்கிறேன்: வீட்டு வாசலிலிருந்து வாசல் வரை கணக்கிடுங்கள். சார்ல் து கோல் விமான நிலையம் பாரிஸ் நகருக்கு வடகிழக்கே 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அங்கிருந்து ஆர்.இ.ஆர். பி என்னும் புறநகர் ரயிலில் அரை மணி நேரம் ஆகும். மலிவுச் சீட்டு என்று போவே விமான நிலையத்தில் இறங்கினால் இன்னும் 85 கிலோமீட்டர் பேருந்தில் வர வேண்டும். லண்டன்–பாரிஸ் ரயிலான யூரோஸ்டாரின் தண்டவாளத் தொலைவு 490 கிலோமீட்டருக்கு மேல் என்றாலும், ஏறக்குறைய 2 மணி 20 நிமிடத்தில் நகரின் நடுவிலேயே இறக்கிவிடுகிறது. பிரெஞ்சு எல்லைச் சோதனையும் லண்டனில் ரயில் ஏறும் செயின்ட் பாங்கிராஸ் நிலையத்திலேயே முடிந்துவிடுவதால், இறங்கியதும் நடந்தே லா சப்பலின் தமிழ்க் கடைத்தெருவை அடையலாம்.

தேம்ஸ்கரை:
ரயிலைப் பற்றி நான் கேட்கவே இல்லை; ஹீத்ரோவுக்கு அருகில் குடியிருப்பவனுக்கு செயின்ட் பாங்கிராஸ் போவதே ஒரு பயணம். கணக்கருக்கு: சீட்டில் சேர்த்திருப்பது வழக்கமான காத்திருப்பை மட்டுமே, அன்றைய காத்திருப்பை அல்ல; அந்த ஒன்றேகால் மணியையும் தாண்டித்தான் இறங்கினோம். அந்த அம்மாவிடம், போகும்போது கொடுத்த மணித்தியாலத்தைத் திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கலாமே. ஒருவழிச் சீட்டுக்காரருக்குத்தான் அது நட்டம்.