சந்தியில் வைக்கும் சரஸ்வதி சிலைக்குக் கிறிஸ்தவன் பெயின்ட் அடிக்கலாமா?

கல்லடித் தூரிகை:

எல்லாருக்கும் வணக்கம். நான் கல்லடிப் பக்கம், பெயின்ட் வேலை. சைவக் குடும்பத்தில் பிறந்தவன், ஞானஸ்நானம் எடுத்து 11 வருடம் ஆகிறது.

எங்கள் வாசிகசாலைச் சந்தியில் சரஸ்வதி சிலை ஒன்று கட்டியிருக்கிறார்கள். கம்பி கட்டி சீமெந்தில் செய்தது, பீடத்தோடு ஆறு அடி வரும். மேசன் வேலை முடிந்துவிட்டது, வர்ணம் பூச என்னைத்தான் கேட்கிறார்கள், ஏனென்றால் முகம், விரல், வீணைத் தந்தி எல்லாம் மெல்லிய தூரிகையில் இழுக்க இங்கே வேறு ஆள் கிடைப்பது கஷ்டம். கேட்டது எனக்குத் தொழில் பழக்கிய மாமா. அவருக்கு இல்லை என்று நான் இதுவரை சொன்னதே கிடையாது.

போதகர் தொடவே வேண்டாம் என்கிறார். ஆனால் போன வருடம் ஒரு கத்தோலிக்க வீட்டுக்கு மாதா சிலை வைக்கும் கெபி முழுக்க நான்தான் அடித்தேன், அப்போது என் மனதில் ஒன்றும் தோன்றவில்லை. இப்போது மட்டும் ஏன் படுத்தால் நித்திரை வருவதில்லை? கூலி பிரச்சினை இல்லை. அந்தச் சந்தியால்தான் தினமும் போகிறேன், மகள் அந்த வாசிகசாலையில்தான் படிக்கிறாள். இப்படி ஊர் நடுவில் நிற்கும் சிலையோடு ஒரு கிறிஸ்தவன் எப்படி இருக்க வேண்டும் என்று விளக்கமாகச் சொல்லுங்கள்.

வாழைச்சேனைச் சகோதரன்:

தம்பி, உங்கள் போதகர் சொன்னதுதான் சரி. சிலை சந்தியில் நிற்பது வேறு, அதை நம் கையால் முடித்துக் கொடுப்பது வேறு. இது புதுக் கேள்வியும் இல்லை. கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் கி.பி. 200ஐ ஒட்டிய காலத்தில் இதையே எழுதியிருக்கிறார். அங்கேயும் சிலை செய்கிறவர்கள் விசுவாசத்துக்கு வந்தார்கள், எங்களுக்கு வேறு பிழைப்புத் தெரியாது என்றார்கள். அதற்கு அவர் சொன்ன பதில், சாந்து பூசத் தெரிந்தவனுக்குக் கூரை திருத்தவும் சுவர் பூசவும் தண்ணீர்த் தொட்டி மெழுகவும் தெரியும், அந்த வேலையைச் செய் என்பதுதான். அவர் கையை வெட்டிக்கொள்ளச் சொல்லவில்லை, அதே கைக்கு வேறு வேலை காட்டினார். மாமாவிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், கோபித்தாலும் நாளடைவில் விளங்கிக்கொள்வார்.

புளியந்தீவு அக்கா:

தம்பி, நான் கத்தோலிக்கம், ஓய்வுபெற்ற ஆசிரியை. மாதா கெபியைப் பற்றி நானும் அந்தச் சகோதரனும் பேசத் தொடங்கினால் விடியும், அதை விடுவோம்.

பவுல் எபேசுவில் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தார். தியானாள் தேவியின் பெரிய கோயில் இருந்த ஊர் அது. கையால் செய்தவை தெய்வங்கள் அல்ல என்று வெளிப்படையாகத்தான் போதித்தார், தேவிக்கு வெள்ளியில் சிறு கோயில்கள் செய்து விற்ற தட்டார்களுக்கு வந்த கோபமும் அதனால்தான். ஆனால் கலகம் வந்தபோது அந்த ஊர் அதிகாரியே, இவர்கள் கோயிலைக் கொள்ளையடிக்கவும் இல்லை, உங்கள் தேவியைத் தூஷிக்கவும் இல்லை என்று சனத்துக்குச் சொல்லி அனுப்பினார். எனக்கு அந்த இடம் மிகவும் பிடிக்கும். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினில் எல்வீரா என்ற இடத்தில் கூடிய ஆயர்களும், சிலையை உடைக்கப்போய் அங்கேயே கொல்லப்பட்டவனை வேதசாட்சியாக எண்ணக்கூடாது என்று விதி வைத்தார்கள், சுவிசேஷத்தில் அப்படி எழுதவும் இல்லை, அப்போஸ்தலர் அப்படிச் செய்யவும் இல்லை என்று. பிற்காலத்தில் நம் ஆட்கள் எத்தனையோ கோயில்களை இடித்தார்கள், 391ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவில் செராப்பிஸ் கோயிலும் போனது. அதைப் பெருமையாகச் சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

நான் படிப்பித்த பாடசாலையின் வாசலிலும் சரஸ்வதிதான். நவராத்திரிக்கு அவல், கடலை கலந்து பிள்ளைகளுக்குக் கொடுப்பது என் வேலை. தீபம் காட்டும்போது பின்வரிசையில் போய் நிற்பேன். தட்டோடு வரும் சைவ ஆசிரியை என் முன்னால் நிற்காமல் ஒரு சிரிப்போடு கடந்து போவார், ஏன் எடுக்கவில்லை என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

கர்த்தரை விசுவாசித்த சீரியப் படைத்தலைவன் நாகமானை வாசித்துப் பாருங்கள், 2 இராஜாக்கள் 5. எஜமானோடு ரிம்மோன் கோயிலுக்குள் போகவேண்டி வருமே, கர்த்தர் அதை மன்னிப்பாராக என்றான். தீர்க்கதரிசி எலிசா அவனை ஏசவில்லை, சமாதானத்தோடே போ என்றார். ஆனால் பவுல் எழுதிய ரோமர் நிருபத்தின் 14ம் அதிகாரமும் இருக்கிறது. மனம் சந்தேகப்படும்போது செய்தால் உங்களுக்கு அது பாவம்தான், நித்திரை வராததற்குக் காரணமும் அதுதான் என்று நினைக்கிறேன்.

வாவிக்கரை:

அண்ணன், நான் சைவம், நடுவில் வருவதற்குக் குறை நினைக்க வேண்டாம். கோயில் மூலவர் என்றால் ஸ்தபதி கண் திறக்க வேண்டும், கும்பாபிஷேகம் நடக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பூசை. சந்தியில் வைக்கும் சிலைக்கு அதெல்லாம் கிடையாது, நாடா வெட்டித் திறப்பார்கள். அதனால் யாராவது உங்களிடம் இது வெறும் அலங்காரம்தானே என்று சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள். ஓ.எல் பரீட்சைக்குப் போகிற பிள்ளை அந்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி, இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போகும். எங்களுக்கு அது சாமிதான்.

நீங்கள் அரை மனதோடு அந்த முகத்தை வரைவதை எங்கள் ஆட்களும் விரும்ப மாட்டார்கள். என் அம்மா ஒவ்வொரு வருடமும் ஆயித்தியமலை மாதா திருவிழாவுக்குப் போகிறவ. நாளைக்கு மாதா சுருவத்தை ஒருவர் மனம் கூசிக்கொண்டு வரைந்தார் என்று தெரிந்தால் அம்மாவுக்கே வயிறு எரியும்.

டொரன்டோவில் இருந்து:

நான் அக்கரைப்பற்று, இப்போது கனடா. 2024இல் டெக்சாஸ் சுகர்லாண்டில் ஒரு கோயில் வளாகத்தில் 90 அடி அனுமன் சிலை வைத்தார்கள், சில கிறிஸ்தவர்கள் அங்கேயே போய் எதிர்த்து ஜெபித்தார்கள். அதே நாட்டில் அலபாமா மாநிலத்து பர்மிங்காமில் 56 அடி வல்கன் சிலை நிற்கிறது, ரோமருடைய நெருப்புத் தெய்வம், 1904இல் இரும்பில் வார்த்தது, சுற்றிலும் தேவாலயங்கள் நிறைந்த ஊர். அதை அந்த ஊரின் அடையாளமாகத்தான் கொண்டாடுகிறார்கள். இன்று ஆட்கள் கும்பிடுகிற தெய்வம் என்றால்தான் நமக்குக் கோபம் வருகிறது. அப்படியென்றால் நமக்குப் பிடிக்காதது சிலையா, பக்கத்து வீட்டு ஆட்களா என்று நாம் யோசிக்க வேண்டும். வாவிக்கரை சொன்னதை வாசித்தபோது மனது நிறைந்தது.

கல்லடித் தூரிகை:

எல்லாருக்கும் நன்றி. வாவிக்கரைத் தம்பி, செருப்பைக் கழற்றுகிற அந்தப் பிள்ளையைப் பற்றி எழுதியதுதான் எனக்கு வழி காட்டியது. அவ்வளவு நம்பிக்கையோடு ஒரு பிள்ளை வந்து நிற்கப்போகிற முகத்தை, நம்பாத நான் வரையக்கூடாது.

நேற்றுப் பின்னேரம் மாமாவிடம் போனேன். சிலைக்கு என்னால் முடியாது, ஆரையம்பதியில் நல்லா முகம் வரைகிற பொடியன் ஒருவன் இருக்கிறான், நானே கூட்டிவருகிறேன், வாசிகசாலைச் சுவர் நாலையும் கூலி இல்லாமல் நான் அடித்துத் தருகிறேன் என்றேன். மாமா ஒன்றும் பேசவில்லை. தேத்தண்ணி வந்தது, குடித்தார். மறுகா, கடல் காற்றுக்கு அந்தச் சுவர் உரிந்து கிடக்கிறது, முதலில் நல்லா சுரண்ட வேண்டும் என்றார். சனிக்கிழமை தொடங்குகிறேன்.