படகு மோட்டாரின் செல்ஃப் ‘டக்’ என்கிறது, சுற்றவில்லை: உதவி வேண்டும்

கண்மாய்க்கரை, மேலூர்:
எல்லோருக்கும் வணக்கம். மேலூர் பக்கம் ஒரு கண்மாயை மீன் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். கட்லா, ரோகு விட்டிருக்கிறோம். பெரியாறு கால்வாய்த் தண்ணீர் வந்து கண்மாய் நிறைந்துவிட்டால் துடுப்புப் போட்டு எதிர்க்கரைக்குத் தீவனம் கொண்டுபோவது பெரும்பாடு. அதனால் தொண்டியிலிருந்து பழைய 15 எச்பி டூ ஸ்ட்ரோக் மோட்டார் ஒன்றை வாங்கி ஃபைபர் படகில் மாட்டினோம். செல்ஃப், அதாவது சாவி போட்டால் இன்ஜினைச் சுற்றிவிடும் சின்ன மோட்டார், உள்ளது.

ஒரு வாரமாகச் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே சத்தம், அவ்வளவுதான். கயிறு இழுத்தால் இரண்டாவது இழுப்பில் ஓடிவிடுகிறது. ஆனால் படகில் போவது அப்பா. அவருக்கு வலது தோள்பட்டை சரியில்லை, கயிறு இழுக்கவே கூடாது. நான் ஊரில் இல்லாத நாளில் மீனுக்குத் தீவனம் போகவில்லை. பேட்டரி புதிது. பார்த்த மெக்கானிக் ‘செல்ஃப் மோட்டாரையே மாற்று’ என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

டிராக்டர்காரன், உசிலம்பட்டி:
பேட்டரி டெர்மினலைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள். எங்கள் டிராக்டரில் பாதி நாள் அதுதான் கோளாறு.

கண்மாய்க்கரை:
முதல் நாளே செய்துவிட்டேன் அண்ணே. மாற்றமில்லை.

பழைய கடல்காரன், மண்டபம்:
தம்பி, எதையும் வாங்க வேண்டாம், முதலில் அளந்து பாருங்கள். ‘டக்’ சத்தம் வருவதே பாதி விடை. சாவி, பியூஸ், கியர் நியூட்ரலில் இருந்தால் மட்டும் விடும் நியூட்ரல் சுவிட்ச் மூன்றும் வேலை செய்தால்தான், செல்ஃபுக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் ரிலேவுக்குக் கரண்ட் போய் அந்தச் சத்தம் வரும். ஆகவே அந்தப் பக்கம் தேட வேண்டாம்.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். படகு தண்ணீரிலேயே நிற்கட்டும், கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடிக்கும்போது நான்கு இடத்தில் அளவு எடுங்கள். பேட்டரியின் இரண்டு முனைக்கு நடுவே. ரிலேயின் இரண்டு பெரிய போல்ட்டுக்கு நடுவே. பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் உடம்புக்கும் நடுவே. கடைசியாக, செல்ஃப் மோட்டாரின் போல்ட்டுக்கும் அதன் கூட்டுக்கும் நடுவே. ஒரு தடவைக்கு ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள்.

டிராக்டர்காரன், உசிலம்பட்டி:
அதற்கு முன் செல்ஃப் மேல் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கலாமே?

பழைய கடல்காரன், மண்டபம்:
டிராக்டர் செல்ஃபில் உள்ளே காயில் இருக்கும், தாங்கும். இந்தச் சின்ன மோட்டார்களில் கூட்டின் உட்புறம் காந்தம் ஒட்டியிருக்கிறது. சுத்தியல் பட்டால் காந்தத்தில் விரிசல் விழும், இல்லையென்றால் பெயரும். மரக்கைப்பிடியால் மெல்லத் தட்டினால் போதும்.

கண்மாய்க்கரை:
இன்று மாலை அளந்தேன். சும்மா இருக்கும்போது பேட்டரி 12.6. சாவி திருப்பினால் 12.5. ரிலே போல்ட்டுகளுக்கு நடுவே முதலில் 12.6, ‘டக்’ ஆனதும் ஏறக்குறைய பூஜ்யம். நெகட்டிவுக்கும் இன்ஜினுக்கும் நடுவே பூஜ்யம். செல்ஃபில் 12.4.

ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் தட்டினேன். மூன்றாவது தட்டில் ஒரே ஒரு முறை சுற்றியது! அப்புறம் பழையபடி.

பழைய கடல்காரன், மண்டபம்:
அருமையாக அளந்திருக்கிறீர்கள். பேட்டரி 12.5-இலேயே நிற்பதைக் கவனியுங்கள். செல்ஃப் இன்ஜினைச் சுற்றினால் அது பத்து, பதினொன்றுக்கு இறங்கியாக வேண்டும். உள்ளே இறுகிப்போய் நின்றிருந்தால் இன்னும் கீழே போகும். இறங்கவே இல்லை என்றால் கரண்ட் ஓடவில்லை என்று பொருள். ரிலே நல்லது, எர்த் (இன்ஜின் உடம்புக்குப் போகும் நெகட்டிவ் இணைப்பு) நல்லது, 12.4 செல்ஃப் வாசல் வரை வந்து நிற்கிறது. அப்படியானால் அறுந்திருப்பது உள்ளே. தட்டினால் ஒரு முறை சுற்றியதால் என் கணிப்பு கார்பன் பிரஷ், உள்ளே சுற்றும் பாகத்தில் உரசிக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு. தேய்ந்திருக்கும், அல்லது உப்பில் சிக்கி நகராமல் நிற்கும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு செல்ஃபை இறக்குங்கள். பிரிக்கும் முன் கூட்டிலும் இரண்டு மூடியிலும் சேர்த்து ஒரு கீறல் போட்டுக்கொள்ளுங்கள், திரும்பப் பொருத்தும்போது திசை மாறாது. ஆர்மேச்சரை (உள்ளே சுற்றும் பாகம்) உருவும்போது காந்தம் இழுக்கும், விரல் பத்திரம்.

கண்மாய்க்கரை:
பிரித்தேன். அண்ணன் சொன்னது அப்படியே! ஒரு பிரஷ் பச்சைக் களிம்பு பிடித்து, அது உட்காரும் வீட்டுக்குள் அசையாமல் நின்றது. மற்றது ஸ்பிரிங் எட்டாத அளவுக்குத் தேய்ந்துவிட்டது. பக்கத்துக் கடையில் கிரைண்டிங் மெஷின் கார்பன் தருகிறேன், தேய்த்துப் போட்டுக்கொள் என்கிறார்கள். போடலாமா?

வைண்டிங் பட்டறை, மதுரை:
போடாதீர்கள். கிரைண்டிங் மெஷின் கார்பன் 230 வோல்ட்டில் ஓடுவது, கரண்ட் குறைவு. 12 வோல்ட் செல்ஃபில் கரண்ட் பல மடங்கு, அதனால் அதில் செம்புத்தூள் கலந்த கார்பன் வேண்டும். உரசிப் பார்த்தால் செம்பு நிறம் மின்னும். வெறும் கரிக் கார்பன் போட்டால் மோட்டார் சோம்பலாகச் சுற்றும், பிரஷும் சுடும். காருக்கு வரும் செல்ஃப் கார்பன் ஜோடியில் உங்கள் அளவைவிடக் கொஞ்சம் பெரியதாக வாங்கி, தட்டையான இடத்தில் உப்புத்தாள் விரித்துத் தேய்த்து இறக்குங்கள். வீட்டுக்குள் தடையில்லாமல் வழுக்கி இறங்க வேண்டும், ஆனால் ஆடக்கூடாது. பிரஷின் வால் கம்பியை முறுக்கிவிட்டால் போதாது, ஈயம் வைத்துப் பற்றுங்கள்.

அப்படியே ஆர்மேச்சரின் செம்புப் பட்டைகளை 400 நம்பர் தாளால் சுற்றித் துடையுங்கள். பட்டைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் அடைத்திருக்கும் தூளையும் சுரண்டி எடுங்கள். மீட்டரில் பட்டைக்கும் தண்டுக்கும் தொடர்பு காட்டினால் ஆர்மேச்சர் போயிற்று, இங்கே கொண்டுவாருங்கள், கட்டித்தருகிறோம். காட்டாவிட்டால் வர வேண்டிய அவசியமில்லை.

கண்மாய்க்கரை:
ஆர்மேச்சர் தப்பித்தது. மதுரை வந்து செம்புக் கார்பன் வாங்கித் தேய்த்துப் போட்டேன். மூடியைப் பொருத்தும்போது பிரஷ் வெளியே துள்ளிக்கொண்டே இருந்தது. சைக்கிள் கம்பித் துண்டை வளைத்து இரண்டையும் பின்னால் பிடித்துவைத்து, ஆர்மேச்சர் உள்ளே போனதும் உருவிவிட்டேன். இப்போது மோட்டார் ‘விர்’ என்று நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் இன்ஜின் சுற்றவில்லை!

பழைய கடல்காரன், மண்டபம்:
பயப்பட வேண்டாம். மேலே பினியன் பல் இருக்கிறதே, மோட்டார் சுற்றிய வேகத்தில் அது திருகுமரையில் ஏறிப் பெரிய சக்கரத்தின் பல்லைப் பிடிக்க வேண்டும். பழைய கிரீஸ் காய்ந்து பிசினாகியிருந்தால் ஏறாது. மண்ணெண்ணெயும் பழைய பல் தேய்க்கும் பிரஷும் போதும். காய்ந்தபின் மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு. கட்டி கிரீஸ் வைக்கவே வைக்காதீர்கள், தூசியைப் பிடித்து மறுபடி இதே கதைதான்.

கண்மாய்க்கரை:
ஓடிவிட்டது! கையால் சுழற்றினாலே பினியன் சர்ரென்று ஏறி இறங்குகிறது. இன்று காலை அப்பா தனியாகச் சாவி போட்டு எதிர்க்கரை வரை போய்வந்தார். கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், கண் கலங்கிவிட்டது. மொத்தச் செலவு கார்பனும் பஸ் கட்டணமும்தான். உங்கள் மூவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

பழைய கடல்காரன், மண்டபம்:
ரொம்பச் சந்தோஷம் தம்பி. ஒன்று மட்டும் மறக்காதீர்கள். அவசரத்துக்கு அந்தக் கயிறு படகிலேயே இருக்கட்டும். கூடவே துடுப்பும்.