விர்ஷ் வெளியீட்டை வெட்டி ஒட்டுவது போதாதா?

முருங்கைக்காய்:
லினக்ஸில் மெய்நிகர் கணினிகளை, அதாவது விஎம்களை, ஓட்டும் கேவிஎம் சர்வர்கள் 12. விஎம்களின் நிலையைப் பட்டியலிடும் 'விர்ஷ் லிஸ்ட்' கட்டளையை அடித்து, வருவதை ஆக் என்ற எழுத்துக் கருவி கொண்டு வெட்டும் பாஷ் ஸ்கிரிப்டிலேயே நான்கு வருடமாகக் காலம் தள்ளுகிறேன். இப்போது டீம் லீட் எல்லாவற்றையும் கோ மொழியில் திருப்பி எழுதச் சொல்கிறார். ஓடுகிற வண்டியை எதற்குப் பிரிக்க வேண்டும்?

சுக்குக்காப்பி:
விர்ஷ் காட்டும் அட்டவணை மனிதர் கண்ணுக்கு, ஸ்கிரிப்டுக்கு அல்ல. முன்பு வேலை பார்த்த இடத்தில் யாரோ சர்வரின் லொகேலை, அதாவது மொழி அமைப்பை, ஜெர்மனுக்கு மாற்றிவிட்டார்கள். 'ரன்னிங்' என்ற சொல்லே மொழிபெயர்ந்து வந்தது. எல்லா விஎம்மும் படுத்துவிட்டதாக ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம்!

முருங்கைக்காய்:
வெளியீட்டை ஆங்கிலத்திலேயே வைக்க எல்சி_ஆல்=சி என்று ஒரு வரி. முடிந்தது.

சுக்குக்காப்பி:
சரி, நின்றுபோன விஎம்முக்கு வரும் 'ஷட் ஆஃப்' இரண்டு சொல். மூன்றாவது பத்தியை வெட்டினால் 'ஷட்' மட்டும்தான் கைக்கு வரும். அதற்கு இன்னொரு வரி போடுவீர்கள், அப்புறம் இன்னொன்று. விர்ஷுக்கு அடியில் இருக்கும் விஎம் மேலாண்மைத் தொகுப்பான லிப்வர்ட்டின் சி நூலகம் 2005-இல் தொடங்கியது, இன்றும் அதன் பைனரி இடைமுக எண் 0தான். பழைய நிரலை உடைக்க மாட்டோம் என்பது அவர்கள் கொடுத்த வாக்கு. பைத்தானிலிருந்து அதை அழைக்க உதவும் பைண்டிங்கில் விஎம்மின் நிலை எண்ணாகவே வரும்.

கம்பிவலை:
நடுவில் லிப்வர்ட் எதற்கு? பிராக்ஸ்மாக்ஸ் என்ற விஎம் மேலாண்மைத் தளம் பெர்லில் எழுதியது, விஎம்மை உண்மையில் ஓட்டும் கியூஎமு நிரலிடம் அதன் கட்டுப்பாட்டு நெறிமுறையான கியூஎம்பி வழியாக நேராகப் பேசுகிறது. ஜேசன் போகும், ஜேசன் வரும்.

சுக்குக்காப்பி:
பிராக்ஸ்மாக்ஸ் தன் கியூஎமுவைத் தானே பொதி கட்டி அனுப்புகிறது நண்பரே, எந்தப் பதிப்பு ஓடும் என்பது அவர்கள் கையில். கியூஎமு ஒரு வசதியைக் கைவிடப்போவதாக அறிவித்தால் இரண்டு வெளியீடு கழித்து எடுத்துவிடலாம். வருடத்துக்கு மூன்று வெளியீடு. 12 சர்வரிலும் ஒரே பதிப்பா இருக்கிறது? லிப்வர்ட்டே ஒரு காலத்தில் கியூஎமுவின் 'ஹெல்ப்' எழுத்தைப் படித்துத்தான் அதன் திறனை ஊகித்தது, கியூஎமு 1.2 பதிப்பு வந்த பிறகே கியூஎம்பியில் கேட்டுத் தெரிந்துகொண்டது. அந்த வலியை நாம் ஏன் மறுபடி படவேண்டும்?

கம்பிவலை:
பைத்தான் 2-ஐ 2020-இல் புதைத்தபோது வந்த வலியையும் சொல்லுங்கள். கோ என்றால் ஒரே பைனரி, காப்பி செய்தால் போதும்.

சுக்குக்காப்பி:
லிப்வர்ட்டின் கோ பைண்டிங், கோவிலிருந்து சி நிரலை அழைக்கும் சிகோ வழியாகத்தான் போகிறது. லிப்வர்ட்டின் சி நூலகம் சர்வரில் இருந்தே ஆகவேண்டும். ஒரே பைனரி எங்கே?

முருங்கைக்காய்:
விர்ஷிலேயே 'டாம்ஸ்டாட்ஸ்' கட்டளை போட்டுப் பார்த்தேன், அதிலும் நிலை எண்ணாகத்தான் வருகிறது. பாஷ் இன்னும் சாகவில்லை அண்ணே. லீட் கேட்டால் உங்கள் பைத்தானைக் காட்டுகிறேன்.