சப்மிட் பட்டன் எழுத்து பிரவுசருக்கு பிரவுசர் வேற மாதிரி மடங்குது, ஹெல்ப் பண்ணுங்க

கேள்வி:
வெப்பேஜ் ஃபார்ம் கடைசில "விண்ணப்பத்தைச் சரிபார்த்து அனுப்பு"ன்னு ஒரு பட்டன், இன்புட் டைப் சப்மிட் தான், விட்த் 160 பிக்சல். எழுத்து அடுத்த வரிக்கே போகாம ஒரே வரியா ஓடி வெட்டுப்படுது, ஆனா பக்கத்துல பட்டன் டேக்ல போட்ட இன்னொண்ணு தானா ரெண்டு வரியா மடங்கிக்குது. சிஎஸ்எஸ்ல (பக்கத்தோட தோற்றத்தை சொல்ற கோட்) வேர்ட்-பிரேக் பிரேக்-ஆல், அதாவது எந்த எழுத்துலயும் உடைக்கலாம்னு போட்டும் அசையல. அந்த ரெண்டாவது பட்டனும் குரோம்ல ஒரு இடத்துல உடையுது ஃபயர்பாக்ஸ்ல வேற இடத்துல உடையுது, என்னங்க இது?

பதில்:
இன்புட் பட்டனுக்கு பிரவுசரே ஒயிட்-ஸ்பேஸ் ப்ரீன்னு, அதாவது வரியை தானா மடக்காதேன்னு வச்சிருக்கும், அது இருக்குற வரைக்கும் வேர்ட்-பிரேக் எதுவும் வேலைக்கு ஆகாது. ஒயிட்-ஸ்பேஸ் நார்மல் போடுங்க, மடங்கும். அந்த பிரேக்-ஆலை தூக்கிடுங்க ப்ளீஸ், தமிழ் வார்த்தைய கண்ட இடத்துல வெட்டி வச்சிடும். வார்த்தை ரொம்ப நீளம்னா ஓவர்ஃப்ளோ-ராப் எனிவேர் போதும், அது வேற வழியே இல்லாதப்ப மட்டும் தான் உடைக்கும்.

கேட்டவர்:
சூப்பர், மடங்குது. ஆனா உடையற இடம் இன்னும் வேற வேறயா தான் இருக்கு, ஐபோன்ல ரெண்டாவது வரி பாதி தெரியவே இல்ல.

இன்னொரு பதில்:
பட்டன், இன்புட் எல்லாம் பக்கத்தோட ஃபான்டை தானா எடுத்துக்காதுங்க, பிரவுசர் கொடுக்குற சிஸ்டம் ஃபான்ட் தான் வரும். ஃபான்ட் மாறினா எழுத்தோட அகலம் மாறும், அப்புறம் உடையற இடமும் மாறத்தானே செய்யும். ஃபான்ட் இன்ஹெரிட் (பக்கத்தோட ஃபான்டையே எடுத்துக்கோன்னு அர்த்தம்) போடுங்க, கூடவே தமிழ் வெப்ஃபான்ட் (பக்கத்தோட சேர்ந்து டவுன்லோட் ஆகுற ஃபான்ட்) ஒண்ணு லோட் பண்ணுங்க, இல்லன்னா ஒவ்வொரு போனும் அதுகிட்ட இருக்குற தமிழ் ஃபான்டை தான் காட்டும். இவ்ளோ செஞ்சாலும் பிக்சல் சுத்தமா ஒண்ணா வரும்னு எதிர்பாக்காதீங்க. கண்டிப்பா இந்த இடத்துல தான் உடையணும்னா பட்டன் டேகுக்கு மாறி உள்ள பிஆர் டேக் (அடுத்த வரிக்கு தள்ளுறது) போட்டுக்கோங்க. ஐபோன் மேட்டர், ஹைட்டை ஃபிக்ஸ் பண்ணி வச்சிருக்கீங்களா?

கேட்டவர்:
ஆமா, ஹைட் 40 பிக்சல்.

இன்னொரு பதில்:
அதான். அதை மின்-ஹைட் (குறைஞ்சபட்ச உயரம்) ஆக்கிட்டு மேல கீழ பேடிங் (உள் இடைவெளி) குடுங்க.

கேட்டவர்:
இப்ப எல்லாத்துலயும் ரெண்டே வரி, முழுசா தெரியுது, ரொம்ப நன்றிங்க. பட்டன் டேகுக்கே மாத்திட்டேன், ஆனா கிளிக் பண்ணதும் "காத்திருக்கவும்"னு மாறணும், அது இப்ப மாறல.

முதல் பதில் சொன்னவர்:
ஸ்கிரிப்ட்ல வேல்யூவை மாத்துறீங்க போல. இன்புட்ல அதான் எழுத்து, பட்டன் டேக்ல உள்ள இருக்குறது தான் எழுத்து, அதனால டெக்ஸ்ட்-கன்டென்ட்டை மாத்துங்க. சர்வர்ல அந்த பட்டனோட நேம், வேல்யூவை எங்கயாவது செக் பண்றீங்கன்னா அந்த ரெண்டையும் டேக்ல விடாம போட்டுடுங்க.