டிபிஎஃப் மீண்டும் மீண்டும் அடைக்கிறது: ஃபில்டரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி

என்னுடைய டீசல் பிக்கப் 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முன்பெல்லாம் ஏறக்குறைய 400 கிலோமீட்டருக்கு ஒருமுறை தானாக நடந்த ரீஜெனரேஷன் (டிபிஎஃப், அதாவது புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டரில், சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்வது), கடந்த இரண்டு மாதங்களாக 80, 90 கிலோமீட்டருக்கே வந்துவிடுகிறது. வண்டியை நிறுத்திய பிறகும் ஃபேன் சுற்றுகிறது, கருகிய வாடையும் வருகிறது. சென்ற வாரம் டிபிஎஃப் விளக்கு எரிந்து இழுவை குறைந்துபோனதால், பணிமனையில் ஸ்கேனரை மாட்டி வண்டி நின்ற நிலையிலேயே ரீஜெனரேஷன் செய்தார்கள். நான்கே நாளில் விளக்கு மறுபடியும் எரிந்தது. பதிவான குறியீடு பி2463. ஃபில்டரையே மாற்ற வேண்டும் என்கிறார் ஒரு மெக்கானிக். உள்ளிருப்பதை உடைத்தெடுத்துவிட்டு மென்பொருளை மாற்றிவிடலாம் என்கிறார் இன்னொருவர். என் ஓட்டம் பெரும்பாலும் ஐந்தாறு கிலோமீட்டர்தான். சரக்கு ஏற்றி இறக்கும்போது இன்ஜினை அணைப்பதில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1

பி2463 என்பது ஃபில்டரில் கரி அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டது என்று மட்டுமே சொல்கிறது, ஃபில்டர் கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. நான்கு நாளில் நிறைந்த ஃபில்டரைக் கழற்றிப் புதியது போட்டால், அதுவும் அதே வேகத்தில் நிறையும். ஆகவே, கரி ஏன் இவ்வளவு சேர்கிறது, சேர்ந்தது ஏன் முழுமையாக எரியவில்லை என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைக்கும்வரை ஃபில்டருக்குப் பணம் செலவிடாதீர்கள்.

கரி எரிவதற்குச் சூடு வேண்டும். நெடுஞ்சாலையில் சுமையோடு ஓடும்போது, புகையின் வெப்பம் 250 முதல் 400 டிகிரி வரை இருந்தால், முன்னால் உள்ள வினையூக்கியில் உருவாகும் நைட்ரஜன் டை ஆக்சைடு கரியைச் சிறிது சிறிதாகத் தானே எரித்துவிடும். அது போதாதபோது, இன்ஜின் கட்டுப்பாட்டு அலகு கூடுதல் டீசலைத் தாமதமாகத் தெளித்து, ஃபில்டரின் வெப்பத்தை ஏறக்குறைய 600 டிகிரிக்கு உயர்த்துகிறது. இதற்குத் தடையில்லாமல் பதினைந்து, இருபது நிமிட ஓட்டம் தேவைப்படும். ஐந்து கிலோமீட்டரில் நீங்கள் இன்ஜினை அணைத்தால் வேலை பாதியில் நிற்கிறது. அடுத்த பயணத்தில் மறுபடியும் முதலிலிருந்து. வண்டி நிற்கும்போது சும்மா ஓடும் இன்ஜினோ கரியைச் சேர்க்கிறதே தவிர, அதை எரிக்கும் சூட்டைத் தருவதில்லை.

ஆனால் இதே ஓட்டத்தில்தான் முன்பு 400 கிலோமீட்டர் வந்தது என்றால், ஓட்டும் முறையை மட்டும் குறை சொல்ல முடியாது. ஸ்கேனரில் இரண்டு அளவுகளைப் பாருங்கள். முதலாவது, ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு: சாவியை மட்டும் போட்டு, இன்ஜினை இயக்காமல் பார்த்தால் அது பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சென்சார்தான் பொய் சொல்கிறது. சென்சாருக்குச் செல்லும் இரண்டு ரப்பர் குழாய்களில் வெடிப்போ அடைப்போ இருக்கிறதா என்றும் பாருங்கள். பலர் இதைப் பார்க்காமலேயே ஃபில்டர் வாங்கியிருக்கிறார்கள். இரண்டாவது, நன்றாக ஓட்டிய பிறகு கூலன்ட்டின் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பம். இவை சரியாக இருந்தால் ஈஜிஆர் வால்வு (புகையின் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்புவது), ஒழுகும் இன்ஜெக்டர், டர்போவுக்குப் பின் காற்றுக்கசிவு என்று வரிசையாகத் தேடலாம்.

பதில் 2

முந்தைய நண்பர் சொல்லாத ஒன்று: ஆயில் கேஜை உருவிப் பாருங்கள். பாதியில் நின்ற ஒவ்வொரு ரீஜெனரேஷனிலும், தாமதமாகத் தெளித்த டீசலின் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்குகிறது. ஆயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருந்தால் அது டீசல்தான். உடனே மாற்றுங்கள், நீர்த்த ஆயில் பேரிங்குகளைத் தின்றுவிடும். புதிய ஆயில், கையேட்டில் குறிப்பிட்ட குறைந்த சாம்பல் வகையாக இருக்கட்டும். கரி எரியும், சாம்பல் எரியாது. அந்தச் சாம்பல் பெரும்பாலும் ஆயிலில் சேர்க்கப்படும் கால்சியம், துத்தநாகச் சேர்மங்களிலிருந்து வருவது. எத்தனை ரீஜெனரேஷன் செய்தாலும் ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் போகாது.

பதில் 3

உடைத்தெடுக்கும் யோசனைக்கு மட்டும் பதில் சொல்கிறேன். பல நாடுகளில் அது சட்டவிரோதம். புகைப் பரிசோதனையில் வண்டி தேறாது. அதைவிட முக்கியமாக, கரியை உண்டாக்கும் பழுது அப்படியே இருக்கும், அதைக் காட்டிக்கொடுக்க விளக்கு மட்டும் இருக்காது.

கேட்டவர்

பார்த்துவிட்டேன். சாவியை மட்டும் போட்டபோது அழுத்த வேறுபாடு பூஜ்யம், குழாய்களும் நன்றாக இருக்கின்றன. ஆனால் அரை மணி நேரம் ஓட்டியும் கூலன்ட் 68 டிகிரியைத் தாண்டவில்லை. ஆயில் மட்டம் மேல்கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நிற்கிறது.

பதில் 1

தெர்மோஸ்டாட் (ரேடியேட்டருக்குக் கூலன்ட் செல்வதைக் கட்டுப்படுத்தும் வால்வு) திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டிருக்கிறது. இன்ஜின் முழுச் சூட்டை எட்டாவிட்டால் கட்டுப்பாட்டு அலகு ரீஜெனரேஷனைத் தொடங்கத் தயங்கும், தொடங்கினாலும் கைவிடும். குளிர்ந்த இன்ஜின் கரியையும் அதிகம் தள்ளும். முதலில் தெர்மோஸ்டாட்டையும் ஆயிலையும் மாற்றுங்கள், பிறகு ரீஜெனரேஷன் செய்யுங்கள். வரிசை மாறினால் பயனில்லை. நின்ற நிலையில் செய்வதானால் திறந்த வெளியில், காய்ந்த புல் இல்லாத தரையில் செய்யுங்கள். அப்போது சைலன்சரின் சூடு நெருப்பு பற்றவைக்கும் அளவுக்கு இருக்கும். டேங்கில் டீசல் கால்பங்குக்கு மேல் இருக்கட்டும், குறைவாக இருந்தால் பல வண்டிகள் தொடங்கவே மாட்டா.

கேட்டவர்

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். தெர்மோஸ்டாட் மாற்றிய பிறகு கூலன்ட் 88 டிகிரியில் நிற்கிறது. ரீஜெனரேஷன் இடைவெளி இப்போது 310 கிலோமீட்டர். முன்பிருந்த 400 ஏன் வரவில்லை?

பதில் 2

இத்தனை கிலோமீட்டர் ஓடிய ஃபில்டரில் சாம்பல் ஓரளவு இடத்தைப் பிடித்திருக்கும், அதனால் கரிக்கு உள்ள இடம் சுருங்கியிருக்கும். ரீஜெனரேஷன் முடிந்தவுடன் உள்ள அழுத்த வேறுபாட்டை, ஒவ்வொரு முறையும் ஒரே இன்ஜின் வேகத்தில் பார்த்துக் குறித்துவையுங்கள். அது மாதாமாதம் ஏறினால் ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கொடுக்கலாம். ஏறாதவரை அப்படியே ஓட்டுங்கள்.