ஜப்பானில் ஆங்கிலப் புத்தகம் எங்கே கிடைக்கும்? அவசரம்

மழைக்குருவி:
வணக்கம். ஜப்பானில் இருக்கிறேன். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரப் புத்தகம், சொல் எழுதிய கார்டு எல்லாம் வேண்டும். பக்கத்துக் கடையில் ஆங்கில அலமாரி முழுக்க எய்கென் பரீட்சைப் புத்தகம்தான். படப்புத்தகம் ஒன்றிரண்டு இருக்கிறது, விலை கையைச் சுடுகிறது. அடுத்த வாரம் வகுப்பு ஆரம்பம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடைசி_ரயில்:
ஜப்பானில் எந்த ஊர்? ஹொக்கைடோவும் ஜப்பான்தான், ஒகினாவாவும் ஜப்பான்தான்.

நிஷிகசாய்வாசி:
கண்ணை மூடிக்கொண்டு டோக்கியோவில் ஷின்ஜுகு கினோகுனியா போங்க. தகாஷிமாயா டைம்ஸ் ஸ்கொயர் பக்கம் இருக்கும் கடை, 6ஆவது மாடி முழுக்க வெளிநாட்டுப் புத்தகம். இல்லையென்றால் டோக்கியோ ஸ்டேஷன் எதிரே ஓஅசோ கட்டடத்தில் மருசென் புத்தகக் கடை, 4ஆவது மாடி. யாராவது யாஎசு புக் சென்டர் என்று சொன்னால் நம்பாதீர்கள், அந்தப் பழைய கடையை 2023 மார்ச்சில் மூடிவிட்டார்கள்.

நூலகப்பூனை:
எதற்குக் காசு? நூலகம் போங்க. ஊரில் குடியிருந்தாலே அட்டை தருவார்கள், வேலை செய்தாலும் பல ஊர்களில் தருவார்கள். குழந்தைகள் பகுதியில் ஆங்கிலப் படப்புத்தகம் இருக்கும். டோக்கியோ உஎனோவில் குழந்தைகளுக்கென்றே சர்வதேச நூலகம் இருக்கிறது, ஆனால் அங்கே உட்கார்ந்துதான் படிக்கலாம், வீட்டுக்குத் தரமாட்டார்கள்.

மூத்தவர்_1998:
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். தேடிப் பார்க்கும் பழக்கமே போய்விட்டது. தங்கச்சி, சொந்தப் பிள்ளைக்கா, ஊர்ப் பிள்ளைகளுக்கா? வயது என்ன? தமிழ்க் குழந்தையா, ஜப்பானியக் குழந்தையா? இதெல்லாம் சொல்லாமல் புத்தகம் கேட்டால் நாங்கள் ஜோசியமா பார்ப்பது?

மழைக்குருவி:
மன்னிக்கவும் அண்ணா. ஊர் ஒகசாகி. அக்கம்பக்கத்து ஜப்பானியப் பிள்ளைகள் நாலைந்து பேர், 3, 4ஆம் வகுப்பு. வீட்டிலேயே வகுப்பு, சின்னத் தொகை வாங்குகிறேன். இங்கே கிடைக்கிற கார்டு எல்லாவற்றிலும் ஆங்கில எழுத்துக்கு மேலே உச்சரிப்பு கதகானாவில், அதாவது ஜப்பானிய எழுத்தில், இருக்கிறது. பிள்ளைகள் அதைப் பார்த்து 'மில்க்' என்பதை 'மிருக்கு' என்று வாசிக்கிறார்கள். ஆங்கில எழுத்தைப் பார்ப்பதே இல்லை.

கடைசி_ரயில்:
ஒகசாகியா! அப்படியென்றால் ஷின்ஜுகு எதற்கு? மெய்டெட்சு ரயிலில் அரை மணியில் நாகோயா. அங்கே சகாஎ பகுதி மருசெனில் வெளிநாட்டுப் புத்தகப் பகுதி இருக்கிறது. நாகோயா சர்வதேச மையத்தின் 3ஆவது மாடியில் நூலகமும் உண்டு. கதகானா தொல்லைக்கு, நூறு யென் கடையில் வெற்றுக் கார்டு வாங்கி நீங்களே எழுதிவிடுங்கள். பக்கத்தில் படம் மட்டும் போதும்.

ஊறுகாய்ஜாடி:
ஊருக்குப் போகும்போது சென்னையில் வாங்கிப் பெட்டியில் போடுங்க. விலை பாதிகூட இருக்காது. பார்சலில் வந்தாலும் புத்தகத்துக்கு இங்கே சுங்கவரி கிடையாது.

மூத்தவர்_1998:
ஆமாம், அதில் 'கலர்' என்பதை பிரிட்டிஷ் முறையில் 'யு' போட்டு எழுதியிருப்பார்கள், இங்கே பள்ளிப் பாடம் அமெரிக்க முறை. பிள்ளை குழம்பும். 2020 முதல் 3, 4ஆம் வகுப்புக்கு வருடம் 35 பாடவேளை ஆங்கிலம் உண்டு, கல்வி அமைச்சகமே புத்தகம் போட்டிருக்கிறது. பிள்ளைகளிடம் வாங்கிப் பார்த்து, அதற்குத் துணையாகப் பாடம் எடுங்கள்.

சோம்பேறி_சென்செய்:
இவ்வளவு எதற்கு? நூலகத்தில் எடுத்து ஜெராக்ஸ் போட்டுக் கொடுங்க.

நூலகப்பூனை:
வேண்டாம். பாடத்துக்காக நகலெடுக்க காப்புரிமைச் சட்டத்தின் 35ஆவது பிரிவு அனுமதிப்பது பள்ளிகளுக்குத்தான், லாபத்துக்கு நடத்தும் இடத்துக்கு இல்லை. இவர் காசு வாங்குகிறார்.

சோம்பேறி_சென்செய்:
டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016இல் கோர்ட் கடைக்காரர் பக்கம்தானே சொன்னது?

நூலகப்பூனை:
ஒகசாகி எப்போது டெல்லி ஹைகோர்ட் எல்லைக்குள் வந்தது?

சோம்பேறி_சென்செய்:
நாலு பிள்ளைக்கு நாலு தாள். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

மூத்தவர்_1998:
இப்படிப் பேசித்தான் நம் ஆட்களுக்குக் கெட்ட பெயர்.

ஊறுகாய்ஜாடி:
'கலர்' விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பிள்ளை இரண்டு முறையிலும் எழுதுகிறது, குழம்பவில்லை. குழம்புவது பெரியவர்கள்தான்.

மழைக்குருவி:
எல்லோருக்கும் நன்றி. புக் ஆஃப் பழைய புத்தகக் கடையில் 110 யென் அலமாரியில் ஒரு பை நிறையக் கிடைத்தது. கார்டு கையால் எழுதிவிட்டேன். பிள்ளைகள் வந்துவிட்டார்கள், அப்புறம் எழுதுகிறேன்.

நிஷிகசாய்வாசி:
எந்தக் கிளை? லெவல் போட்ட வரிசைப் புத்தகம் ஏதாவது இருந்ததா?

நூலகப்பூனை:
சென்செய், அந்த வழக்கு கல்லூரிப் பாடத் தொகுப்பு பற்றியது. தீர்ப்பை முழுக்கப் படித்துவிட்டு வாருங்கள்.