தேங்காயெண்ணெயில் கிளறினால் அது மைசூர்பாகா?

செம்பூர் அம்மா:
போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கட்டடத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து தீபாவளிப் பலகாரம் செய்தோம். என் மகளுக்கு ஒன்பது வயது. சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை என்ற தானியம், இந்த மூன்றிலும் இருக்கும் க்ளூட்டன் என்ற புரதம் அவளுக்கு ஆகாது. அவள் தம்பிக்குப் பால் அலர்ஜி. அதனால் ரவா லட்டு, சேமியா பாயசம், பால்கோவா எதுவும் எங்கள் வீட்டில் கிடையாது. இருவரும் சாப்பிடட்டும் என்று நெய்க்குப் பதில் தேங்காயெண்ணெய் ஊற்றி மைசூர்பாகு கிளறினேன். அங்கிருந்த பெரியவர் ஒருவர், "இதற்கு மைசூர்பாகு என்று பெயர் வைக்காதே அம்மா, வேறு ஏதாவது சொல்" என்றார். பிள்ளைகள் பக்கத்திலேயே நின்றார்கள். எனக்கு மனசு தாங்கவில்லை. நீங்கள் சொல்லுங்கள், அந்தப் பெயரைச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லையா?

மாட்டுங்கா மாமா:
பிள்ளைகள் காதுபட அவர் சொன்னது தப்பு. ஆனால் சொன்ன விஷயம் சரி. மைசூர்பாகு என்பதே நெய்தான் அம்மா. பாகு கொதிக்கும்போது கடலை மாவைத் தூவி, காய்ந்த நெய்யைக் கரண்டி கரண்டியாக விட, அது நுரைத்துப் பொங்கிக் கூடு கூடாகும். ஆறியதும் நெய் உறைந்து கட்டிக்கு உடம்பு கொடுக்கும். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்கு மேல் உருகிவிடும். மும்பையில் தீபாவளிக்கு என்ன குளிரா அடிக்கிறது? கையில் எடுத்தால் எண்ணெய் விட்டிருக்குமே? இன்னொன்று, எல்லாவற்றையும் இப்படி மாற்றிக்கொண்டே போனால் நாளைக்குப் பிள்ளைகளுக்கு அசல் ருசி என்ன என்றே தெரியாது. மால்களில் க்ளூட்டன் இல்லாதது என்று எழுதி இரண்டு மடங்கு விலைக்கு விற்கிறார்கள். பாதி நாகரிகம்தான்.

செம்பூர் அம்மா:
விட்டது மாமா. டப்பா அடியில் போட்ட காகிதம் முழுக்க நனைந்துவிட்டது. அது உண்மை. ஆனால் என் மகன் நாலு கட்டி சாப்பிட்டான். பிறந்ததிலிருந்து அவன் மைசூர்பாகைக் கண்ணால் மட்டும்தான் பார்த்திருக்கிறான்.

முலுண்டு நண்பன்:
மாமா, நாகரிகம் என்ற சொல்லை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கும் சீலியாக்தான். கோதுமைப் புரதம் உள்ளே போனால் என் உடம்பே சிறுகுடலின் உள்சுவரைத் தாக்கும். அந்தச் சுவரில் இருக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து, சாப்பிடுவது உடம்பில் ஒட்டாது. இரும்புச் சத்து குறைந்து மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கிய பிறகுதான் எனக்குக் கண்டுபிடித்தார்கள். க்ளூட்டன் இல்லாதது என்று பொட்டலத்தில் போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். அவ்வளவு துளி கணக்கு இது.

இரண்டு வருடம் முன்பு நடந்ததைச் சொல்கிறேன். ஜாங்கிரி உளுந்துதானே என்று நம்பி ஒரு கடையில் கால் கிலோ வாங்கினேன். அன்று இரவெல்லாம் வயிறு. மறுநாள் போய்ப் பார்த்தால், மைதா ஜிலேபியைப் பொரித்த அதே சட்டியில் அதே எண்ணெயில் ஜாங்கிரியைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். கேட்டதற்கு, "ஜாங்கிரியில் மைதா இல்லையே சார்" என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியவில்லை.

மாட்டுங்கா மாமா:
நோய் உள்ளவர்களை நான் சொல்லவில்லை தம்பி. உங்களைப் புண்படுத்தியிருந்தால் மன்னியுங்கள். ஆனால் நெய்யை ஏன் ஒதுக்க வேண்டும்? என் மருமகளுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, நெய் ஒன்றும் செய்வதில்லை.

முலுண்டு நண்பன்:
உங்கள் மருமகளுக்கு லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். அது பாலில் உள்ள சர்க்கரை. நெய்யில் அது கிட்டத்தட்ட இருக்காது. அலர்ஜி பாலின் புரதத்தால் வருவது. உருக்கிய நெய்யிலும் கொஞ்சம் தங்கியிருக்கும், அந்தக் கொஞ்சமே சில குழந்தைகளுக்குத் தடிப்பையும் மூச்சுத் திணறலையும் கொண்டுவந்துவிடும். ஒன்றை வைத்து மற்றதை முடிவு செய்யாதீர்கள். இதைப் படிப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: சீலியாக் என்று சந்தேகம் இருந்தால் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நிறுத்திவிட்டுப் போனால் பரிசோதனையில் பிடிபடாமல் போகலாம்.

தாராவித் தம்பி:
அக்கா, மாமா, நான் ஒன்று சொல்லவா? எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் அம்மா தீபாவளிக்குக் கருப்பட்டி மிட்டாய் சுற்றுவார். பச்சரிசியும் உளுந்தும் அரைத்த மாவு, கடலையெண்ணெய், சுக்குத் தட்டிப்போட்ட கருப்பட்டிப் பாகு. கடித்தால் உள்ளேயிருந்து பாகு பீறிட்டு முழங்கை வரைக்கும் வழியும். பாலும் இல்லை, நெய்யும் இல்லை, கோதுமையும் இல்லை. அதிரசம், எள்ளுருண்டை, கடலை மிட்டாய், தேங்காய்ப் பூரணக் கொழுக்கட்டை எல்லாம் அப்படித்தான். இத்தனை இருக்கும்போது ஒழுகுகிற மைசூர்பாகை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

மாட்டுங்கா மாமா:
இதைத்தான் நான் சொல்ல வந்தேன். எள்ளுருண்டைக்கு யாரும் வேறு பெயர் தேட வேண்டாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் அதையே கொடுத்தால் யாரும் தனியாகவும் நிற்க மாட்டார்கள்.

செம்பூர் அம்மா:
நீங்கள் ரெண்டு பேரும் சொல்வது நியாயம்தான். ஆனால் கட்டடத்தில் இருபது வீட்டிலிருந்து தட்டு வருகிறது. எல்லாவற்றிலும் மைசூர்பாகு இருக்கிறது. "அம்மா, நமக்கு ஏன் அது இல்லை?" என்று கேட்கும் பிள்ளையிடம் எள்ளுருண்டையைக் காட்டினால், அது வேறு கேள்விக்குப் பதில் மாமா.

முலுண்டு நண்பன்:
அக்கா சொல்வதுதான் சரி. அப்புறம் தம்பி, உங்கள் பட்டியலில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதிரச மாவை எங்கே அரைப்பீர்கள்? மும்பையில் தெருவுக்குத் தெரு இருக்கும் மாவு மில்லில் நாள் முழுக்கக் கோதுமைதான் ஓடுகிறது. நம் அரிசியைப் போட்டால் கல்லில் ஒட்டியிருந்த ஆட்டாவும் சேர்ந்துதான் வரும். கடையில் வாங்கும் கடலை மாவுக்கும் இதே கதை. காரக் கொழுக்கட்டைக்குப் போடும் கூட்டுப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

தாராவித் தம்பி:
மில்லை நான் யோசிக்கவே இல்லை அண்ணா. அக்கா, அப்படியென்றால் வீட்டு மிக்சியே போதும். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, துணியில் நிழலில் உலர்த்தி, கையில் பிடித்தால் லேசாக ஈரம் தெரியும் பதத்தில் அரைத்துச் சலியுங்கள். முழுக்கக் காய்ந்துவிட்டால் அதிரசம் கல்லாகிவிடும். சல்லடையும் புதிதாக வாங்கிவிடுங்கள், பழைய ஆட்டா சல்லடை வேண்டாம்.

செம்பூர் அம்மா:
அதிரசம் நாளைக்கே ஆரம்பிக்கிறேன். மைசூர்பாகையும் விடப்போவதில்லை. கடலைப் பருப்பை வீட்டிலேயே வறுத்து அரைத்து, எண்ணெயைக் குறைத்து, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துத்தான் எடுக்கப்போகிறேன். எங்கள் வீட்டில் அதன் பெயர் மைசூர்பாகுதான்.

மாட்டுங்கா மாமா:
பெயர் விஷயத்தில் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை அம்மா. ஆனால் அந்த நாலு கட்டி சாப்பிட்ட பையனிடம் அது மைசூர்பாகு இல்லை என்று நானும் சொல்ல மாட்டேன். தம்பி, அந்தக் கருப்பட்டி மிட்டாய்க்கு அளவு என்ன?

தாராவித் தம்பி:
அரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு மாமா. கெட்டியாக அரைக்கணும், புளிக்க விடக் கூடாது. பாகு சூடாக இருக்கும்போதே மிட்டாயைப் போட்டு எடுங்கள்.